நாப்பத்திநாலாவது ஓட்டை

எல்லாரும் குளிரு உள்ள வரக்கூடாதுன்னு போத்திக்குவாங்க. குளிரு வெளிய போயிரக்கூடாதுன்னு போத்திக்கிட்டு நிக்கிறவன் ஒருத்தன் இருக்கறான். அவன் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்?

மெதுவா ரோசிச்சுச் சொல்லுங்க்கா. அவசரமில்ல. தாராபுரம் போறவரைக்கும் நேரங் கெடக்குது, இன்னும் சூலூரே வரலீங்க.

ஐஸ் பொட்டியா? பரவால்லீங்களே, பக்கத்துல வந்துட்டீங்க. நானு பதினாலு வருசமா அந்த ஐஸ் பொட்டி சோலிதான் பாக்கறேன். ஆனா விடை அது இல்லீங்க. ராக்கெட்டு. ஆமாங்க, டிவில காட்டுவாங்களே, பொகைய உட்டுக்கிட்டு மேல போகுமே, அதேதான். விடுகதை என்ற புள்ள கட்டுனது. எழிலுன்னு பேரு, அஞ்சாவது படிக்கறா. எதச் சொன்னாலும் அத ஒரு விடுகதையாக்கிப்போட்டுத்தான் மறுவேலை பாப்பா.

வேண்டாங்க்கா, பை என்ற மடிலயே இருக்கட்டும். கனமே இல்லீங்க. பாக்கத்தான் பெருசாத் தெரியுது.

ஏறுனதும் கேட்டீங்களே, ஏம்மா மொகமெல்லாம் இப்புடி வாடிக் கெடக்குதுன்னு. அதுக்குத்தான் விடுகதை போட்டேன். நேராச் சொல்ல வரலீங்க. சித்த சுத்தித்தான் வரோணும். கேக்கறீங்களா? தூக்கம் வந்தாத் தூங்கிக்குங்க, நானு தப்பா நெனைக்க மாட்டேன்.

போத்தனூர்ல வரதராஜுலு அய்யா கம்பெனிங்க. மஞ்ச நுரை பாத்திருப்பீங்க, பிரிட்ஜு ஒடஞ்சா உள்ளார தெரியுமே, அது. நாங்க பஃப்புன்னு சொல்லுவோம். ரெண்டு மருந்து இருக்குது. தனித்தனியா இருந்தா எண்ணெயாட்டம் கம்முனு கெடக்கும். ஒண்ணாக் கலந்தமுன்னா பன்னண்டு எண்றதுக்குள்ள பணியாரமாட்டம் பொங்கிக்கிட்டு வந்து கல்லாயிரும். மேட்டுப்பாளையத்துல உருளைக்கெழங்கு வெக்கற குளிரு ரூமு அத்தனைக்கும் செவுரு இந்த நுரைதான். செவுரு எழுப்பறது ஆம்பளைங்க. எலி கடிச்சது, அணிலு கடிச்சது, வண்டி இடிச்சது, இதெல்லாம் அடைக்கறது நானு. ஓட்டை அடைக்கறவன்னு கம்பெனில எனக்குப் பேரே அப்புடித்தான். என்ற ஊட்டுக்காரரு கூட சொல்லுவாரு, ஊரு ஊராப் போயி ஓட்டை அடைக்கற, நம்ம ஊட்டு ஓட்டைய ஆரடி அடைக்கறதுன்னு. வசனமெல்லாம் நல்லாத்தான் பேசுவாரு.

கதிருங்க. தாராபுரத்துல பால் வண்டி ஓட்டறாரு. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு, அதையும் சொல்லிப்போடறேன். ஒரே ஊட்ல இருந்தா ரெண்டு பேருக்கும் ஆகலீங்க, அவ்வளவுதான். ரெண்டு வருசமா அவரு அங்க, நானும் எழிலும் போத்தனூர்ல. லீவு வந்தா அவருகிட்டப் போவா. நானு வெளியூரு சோலிக்குப் போனாலும் அவருகிட்டத்தான் இருப்பா. போன வருசம் கேசு போட்டுட்டாரு, புள்ள எங்கூடத்தான் இருக்கோணும், அம்மாக்காரி மாசத்துல பாதி நாளு ஊட்ல இருக்கறதில்லைன்னு. பொய்யுன்னு சொல்ல முடியாதுங்க. போன வெளையாட்டு விழாவுக்கு நானு மேட்டுப்பாளையத்துல கெழங்கு மண்டி குளிரு ரூமுக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன். அவ ஓட்டத்துல மூணாவது வந்ததப் போட்டோவுலதான் பாத்தேன்.

ஆமாங்க, கோர்ட்டு கோயமுத்தூர்ல. போன புதனுக்கு முந்துன புதன் பதினோரு மணிக்கு ஜட்ஜம்மா எழிலக் கூப்புட்டுக் கேக்கறதா இருந்துச்சு, நீ ஆருகூட இருக்கறேன்னு. கேக்கறப்ப நாங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கோணும். எழிலுகிட்டச் சொல்லியிருந்தேன், கதவு வரைக்கும் அம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன் கண்ணுன்னு.

அதுக்குப் பத்து நாளு முந்தி, ஞாயித்துக்கெழமை, வரதராஜுலு அய்யா ஊட்டுக்கே வந்துட்டாரு. அம்மிணி, ஒரு எடத்துக்குப் போகோணும், எட்டே நாளு, போர்வைல ஓட்டைன்னாரு. என்ன போர்வைங்க, எத்தன டன்னு ரூமுன்னு கேட்டேன். ராக்கெட்டுன்னாரு. நானு, உங்களமாதிரியேதானுங்க்கா, சிரிச்சுப்போட்டேன்.

ஊரு பேரு சொல்லக்கூடாதுங்க, எழுதி வாங்கியிருக்காங்க. கடலோரம். தனியாரு கம்பெனி, சின்ன ராக்கெட்டு. சின்னதுன்னா நம்ம தென்னமரத்தவிட ஒசரந்தான். நாம மூச்சு இழுக்கற ஆக்சிசன குளிர வெச்சுக் குளிர வெச்சுத் தண்ணியாட்டம் ஆக்கி, அதுக்குள்ள ஒரு டாங்கில ஊத்துவாங்களாம். ஐஸுக்கும் கீழ நூத்தியெம்பத்திமூணு டிகிரி. வெளிய மண்ட பொளக்கற வெயிலு. போர்வை இல்லீன்னா அத்தனையும் பொகையாப் போயிரும். அதனால டாங்கியச் சுத்தி ஓரங்குலத்துக்கு நம்ம நுரை. மிசினு வெச்சு அடிச்சிருக்காங்க, அத்தன அழகுங்க, ஒரு மேடு பள்ளம் இல்ல.

ஓட்டையா? அணிலுங்க! பண்டிகைக்கு நாலு நாளு கொட்டாயப் பூட்டிப்போட்டுப் போயிருக்காங்க. டாங்கியப் படுக்க வெச்சிருந்தாங்க. ஒரு அணிலு உள்ள பூந்து, கடிச்சுக் கடிச்சு எடுத்துட்டுப் போயி, மேல டியூப்லைட்டுப் பட்டைக்கு மேல கூடு கட்டிருச்சு. நாப்பத்திமூணு ஓட்டை. கூட்டுக்குள்ள மூணு குட்டி, கண்ணு தொறக்கல, மஞ்ச மெத்தை மேல படுத்துக்கிட்டு. ராசா ஊட்டுப் புள்ளைகளுக்குக் கூட அப்புடி மெத்தை கெடைச்சிருக்காது. அந்தப் பசங்களும் நல்லவங்கதானுங்க, கூட்ட ஆரும் தொடல. குட்டிக கண்ணு தொறக்கற வரைக்கும் அந்த லைட்ட மட்டும் போட வேண்டாம்னு சுச்சுமேல காயிதம் ஒட்டி வெச்சிருந்தாங்க.

எழிலு தெனமும் பொழுதோட போன் பண்ணுவா. மொதக் கேள்வி அணிலுக் குட்டி கண்ணு தொறந்துச்சாம்மா? ரெண்டாவது கேள்வி, புதன்கிழமை வந்துருவியாம்மா? இந்த ரெண்டும் தப்பாம வரும்.

அஃப்தாப்புன்னு ஒரு என்சினீருங்க அங்க, முப்பது வயசு இருக்கும். மொத நாளே சொல்லிட்டாரு, அன்புச்செல்வி மேடம், ஒரு சின்ன ஓட்டைய உட்டாலும் கடக்காத்து ஈரம் அங்க போயி ஐஸாக் கட்டும், கெளம்பறப்ப ஆட்டத்துல அது உதுந்து கீழ இருக்கறதுல அடிச்சா மொத்தமும் போயிரும்னு. இன்னும் பதினெட்டு நாள்ல கெளம்போணும், அந்தத் தேதிய உட்டா அடுத்த தேதிக்கு மூணு மாசம்னாரு. முன்னூறு பேரு நாலு வருசமாப் பாத்த சோலியாமுங்க. அது ஒரு காடை முட்டை தண்டி ஓட்டைல நிக்குது.

பல்லடங்களா? எறங்கறவங்க எறங்கட்டும். கொஞ்சம் இப்புடித் தள்ளி உக்காருங்க்கா, வெயிலு உங்க மேல அடிக்குது.

எங்க உட்டேன்? ஆங், ஓட்டை. மண்டில நாங்க அடைக்கறது சட்டுனு முடிஞ்சிரும், ஓட்டைல மருந்த ஊத்து, பொங்குனத சீவு, மேல தகட்ட ஒட்டு. அங்க அப்புடி இல்லீங்க. அணிலு அரையங்குல அகலம் கடிச்சா நாம ரெண்டங்குல அகலத்துக்கு வெட்டோணும். நல்ல நுரை வர்ற வரைக்கும், ஓரத்தச் சருவா, கிண்ணமாட்டம் வெட்டோணும். தூசிய உறிஞ்சோணும். சூட்டுக் காத்துல ஈரத்தப் போக்கோணும். அப்பறந்தான் மருந்து. பொங்கி ஆறுனதும் கத்தில சீவி, மேல கீழ தெரியாம தேய்க்கோணும். ஒரு நாளு உட்டு, அங்கியே காசாட்டம் ஒரு வில்லைய ஒட்டி மிசினு வெச்சு இழுத்துப் பாப்பாங்க. புடுங்கிட்டு வந்துச்சுன்னா மறுக்கா மொதல்ல இருந்து. ஒண்ணு கூடப் புடுங்கல, பெருமைக்குச் சொல்லலீங்க.

கையி வெக்கக்கூடாதுன்னு மொத நாளே அஃப்தாப்பு சொன்னாருங்க. கையொறை போட்டிருந்தாலும் அழுத்தக்கூடாது, மிசினுதான் பாக்கும்னாரு. செரின்னேன். ஆனா இந்தக் கட்டை வெரலு இருக்குது பாருங்க, இது பதினாலு வருசமா ஒரே பாடம் படிச்சது. பக்கத்துல இருக்கற பழைய நுரைல ஒரு அமுக்கு, புதுசா ஊத்துன எடத்துல ஒரு அமுக்கு. ரெண்டும் ஒரே மாதிரி எதுத்து நின்னா வெந்துருச்சு. இட்லிக்குப் பாக்கறமில்லீங்க, அது மாதிரி. மண்டில வெரலு பட்ட குழி மேல தகடு வந்து மூடிக்கும், ஆரும் கண்டுக்க மாட்டாங்க.

எட்டாவது நாளு, திங்கக்கெழமை, மத்தியானத்தோட நாப்பத்திமூணும் முடிஞ்சுது. பட்டியல் வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பூதக்கண்ணாடில பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஏழே முக்காலுக்கு ரயிலு. காலைல போத்தனூரு. மறுநாளு கோர்ட்டு. நானு கத்தியெல்லாம் தொடச்சுப் பையில வெச்சுக்கிட்டிருக்கறேன். அஞ்சு மணி இருக்கும், மேக்கால கதவு வழியா வெயிலு சரிஞ்சு உள்ள வருது. சரிஞ்ச வெயிலுதான் பொல்லாதுங்க, நேரா அடிக்கறப்பத் தெரியாத பள்ளமெல்லாம் அப்பத்தான் நெழலாத் தெரியும். முப்பத்தியோராவது ஓட்டைக்குப் பக்கத்துல, அணிலு தொடாத நல்ல எடத்துல, ஒரு நெழலு. கிட்டப் போயி என்ற கட்டை வெரல மேல வெச்சுப் பாத்தேன். அச்சுக் குத்துனாப்புல உக்காந்துச்சு.

புது எடத்துல அமுக்குனது சீவறப்பப் போயிருச்சுங்க. பழைய எடத்துல அமுக்குனது நின்னுபோச்சு. அது பட்டியல்ல இல்ல. அதனால பூதக்கண்ணாடி அங்க போகல.

ஆரும் பாக்கலீங்க. ஒரு ஆளு இல்ல.

பத்து நிமிசம் நின்னேன். இத மௌனிகாகிட்டக் கூடச் சொல்லல. மௌனிகா என்ற வக்கீலுங்க, சின்னப் புள்ளை, கெட்டிக்காரி. நானு ஒண்ணும் அரிச்சந்திரன் ஊட்டுப் பொண்ணில்ல. மண்டில இது மாதிரி எத்தனையோ பாத்தும் பாக்காமப் போயிருக்கறேன். பையத் தோள்ல மாட்டிட்டேன்னு வெச்சுக்குங்களேன். கதவுகிட்டக் கூடப் போயிட்டேன். அங்க நின்னுக்கிட்டு, மேல பாத்தா அந்த அணிலு எட்டிப் பாக்குது. அதுக்கென்ன, அது புள்ளைகளுக்காகக் கடிச்சுது. நானு எதுக்கு அமுக்குனேன்? பழக்கத்துல அமுக்கிப்போட்டேன். திரும்பி வந்து அஃப்தாப்புகிட்டச் சொல்லிட்டேன்.

அவரு கவுத்து வெச்ச ஒரு வாளி மேல உக்காந்துட்டாருங்க. அப்பறம் அளந்தாங்க. இவ்வளவு ஆழம் வரைக்கும் பரவால்லன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, அதுக்கு மேல அர மில்லிமீட்டரு. நெகத்தோட தடிமன்கூட இல்லீங்க. நாப்பத்திநாலுன்னு நம்பர் போட்டு மறுக்கா காயிதம் எழுதுனாங்க. வெட்டி, ஊத்தி, ஆற வெச்சு, இழுத்துப் பாக்க புதன்கிழமை ஆயிரும். உங்களுக்கு ரயிலு இருக்குதில்ல மேடம்னு அஃப்தாப்பு கேட்டாரு. இருக்கட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

இல்லீங்க. கோர்ட்டு இருக்குதுன்னு நானு சொல்லல.

கேளுங்க, கேளுங்க. மௌனிகாவும் இதையேதான் கேட்டா. ஏங்க்கா சொல்லல, சொல்லியிருந்தா வேற ஆள வெச்சு முடிச்சிருப்பாங்கல்லன்னு கத்துனா. முடிச்சிருப்பாங்க. எட்டு நாளா எங்கூட நின்ன ரெண்டு புள்ளைக இருந்துச்சுக, நல்லாப் பழகியிருந்துச்சுக. அஃப்தாப்பும் உடனே போகச் சொல்லியிருப்பாரு, தங்கமான மனுசன். நாந்தான் சொல்லல. என்ற வெரலு போட்ட குழிய இன்னொருத்தரு அடைக்கறதான்னு ஒரு வீம்புங்க. வேற என்ன சொல்றது? கோர்ட்ல தேதி மாத்தி வாங்கிக்கலாம்னு நெனச்சேன். எத்தன தடவ அவங்க தரப்புலயும் மாத்தியிருக்காங்க.

எழிலுக்கு அன்னிக்கு நானே போன் பண்ணுனேன். அணிலுக் குட்டி ஒண்ணு கண்ணு தொறந்துருச்சு கண்ணுன்னு மொதல்ல அதச் சொன்னேன். அப்பறம் இதச் சொன்னேன், குழி, வெரலு, எல்லாம். நெகமளவுன்னு சொன்னேன். பொறுமையாக் கேட்டா. ஆராச்சும் பாத்தாங்களாம்மான்னா. இல்ல கண்ணுன்னேன். அப்பறம் ஏம்மா சொன்னேன்னா. ஆரு பாத்தா என்ன, குழி குழிதானே கண்ணுன்னேன். செரிம்மான்னா. அப்ப நீ என்னையக் கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போக மாட்டியாம்மான்னா. தேதி மாத்திக் கேக்கறோம் சாமி, அடுத்த தடவ கட்டாயம் வருவேன்னேன். அதுக்கும் செரிம்மான்னா. அழுதிருந்தாத் தேவலீங்க. கோவிச்சிருந்தாலும் தேவல.

குண்டடம் தாண்டிட்டமா? கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் நின்னு கெடக்குது பாருங்க, காத்தே இல்ல இன்னிக்கு.

புதன்கிழமை பதினோரு மணிக்கு எங்க நின்னேன்னு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. நாப்பத்திநாலாவது எடத்துல வில்லைய ஒட்டி இழுக்கறாங்க. மிசினுல முள்ளு ஏறுது. செவரு மேல கடியாரம், சின்ன முள்ளு பதினொண்ணுல, பெரிய முள்ளு பன்னண்டுல. ரெண்டு முள்ளையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நிக்கறேன். மிசினு முள்ளு எங்க நிக்கோணுமோ அதையும் தாண்டி நின்னுச்சு. புடுங்கல. எல்லாரும் கையத் தட்டுனாங்க. அஃப்தாப்பு வந்து, மேடம், உங்க வெரலு வாழ்கன்னு கேலி பண்ணுனாரு. நானும் சிரிச்சேன்.

தேதி மாத்தலீங்க. மௌனிகா கேட்டிருக்கா. ஜட்ஜம்மா, புள்ள பரிச்சைய உட்டுப்போட்டு அத்தன தூரம் வந்திருக்குது, மறுக்கா மறுக்கா அலைய வெக்க வேண்டாம், இன்னிக்கே கேட்டுக்கறேன்னுட்டாங்களாம். அவங்க சொன்னதும் ஞாயந்தானுங்க. கதிருதான் கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்காரு.

ராக்கெட்டா? போயிருச்சுங்க, முந்தாநேத்து. கம்பெனில எல்லாரும் போன்ல பாத்தோம். வரதராஜுலு அய்யா மைசூர்பா வாங்கிட்டு வந்து, நம்ம அம்மிணி போத்திவுட்ட போர்வை மேல போகுது பாருங்கடான்னு ஆளாளுக்குக் குடுத்தாரு. அவங்கெல்லாம் நெருப்பப் பாத்தாங்க. நானு டாங்கிகிட்ட ஏதாச்சும் உதுருதான்னு மட்டும் பாத்தேன். சின்னத் திரைல என்ன தெரியும்? ஆனா ஒண்ணும் உதுரலீங்க. அஃப்தாப்பு அப்பறம் போன் பண்ணுனாரு, எல்லாம் செரியா இருந்துச்சு மேடம், அணிலுக் குட்டி மூணும் ஓடற அளவுக்கு வந்துருச்சுன்னு. எழிலுகிட்டச் சொல்லோணும்.

தீர்ப்பு திங்கக்கெழமையே வந்துருச்சு. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை நானு போயிப் பாத்துக்கலாம். லீவுல பாதி எங்கிட்ட. இன்னிக்கு சனிக்கெழமைதான், அவ கேட்டான்னு கொண்டுபோறேன். எத கேக்கறீங்க? இந்தப் பையா? பிரிச்சே பாருங்க. போர்வைதானுங்க. எழிலுக்கு மூணு வயசுல வாங்குனது, ஓரமெல்லாம் பிஞ்சு நானே தெச்சுக் குடுத்தது. இது இல்லாமத் தூக்கம் வராது அவளுக்கு. இந்தத் தடவ மறந்துட்டுப் போயிட்டா, இருவது நாளா எப்புடித் தூங்குனாளோ.

அந்தா, பாலம் தெரியுது. நீங்க மொதல்ல எறங்குங்க, கூடைய நானு எடுத்துத் தாரேன். பாத்து.

ஜட்ஜம்மா ரெண்டு தடவ கேட்டாங்களாம். ரெண்டு தடவையும் அப்பாகூட இருந்துக்கறேன்னு சொல்லிட்டா.